பல் இம்ப்ளாண்ட், எலும்புத் தூள், 14 மாதம்: கோவையில் என் அனுபவம்

கோவை கணபதி பகுதியில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை இருக்கிறது. பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட், புஷ், ஸ்லீவ் கடைந்து கொடுப்பது வேலை. முப்பத்தோரு வருடமாக இதே தொழில். வலது பக்கம் கீழே ஒரு கடைவாய்ப் பல்லுக்கு இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்பில் ஸ்க்ரூ வைத்து அதன் மேல் பல் கட்டுவது, வைத்துக்கொண்டேன். 2024 ஜனவரியில் ஆரம்பித்து 2025 மார்ச்சில் முடிந்தது. என்னிடம் விசாரிக்கிறவர்கள் எல்லாரும் "எந்தக் கம்பெனி ஸ்க்ரூ, எவ்வளவு ஆச்சு" என்றுதான் கேட்கிறார்கள். நானும் முதலில் அதைத்தான் கேட்டேன். ஆனால் அந்த ஸ்க்ரூ நிற்பதற்கு எலும்பு வேண்டும். எனக்கு அங்கே எலும்பு போதவில்லை. அதை வளர்த்து எடுத்துத்தான் ஸ்க்ரூவை வைத்தார்கள். இந்த ரிவ்யூவில் பாதிக்கு மேல் அந்த எலும்பைப் பற்றித்தான் இருக்கும். குறைகளையும் எழுதப்போவதால் கிளினிக்கின் பெயரைப் போடவில்லை.

எலும்பு ஏன் போதவில்லை என்பதிலிருந்து சொல்ல வேண்டும். 2021இல் வேறு ஒரு இடத்தில் அந்தப் பல்லைப் பிடுங்கினார்கள். பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார்கள், மாத்திரை எழுதினார்கள், ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்றார்கள், அவ்வளவுதான். பின்னால் பல் கட்டுவதாக இருந்தால் இப்போதே இந்தக் குழியைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. பல்லைத் தாங்குவதற்கென்றே இருக்கிற எலும்பு, பல் போனதும் தனக்கு வேலை இல்லையென்று கரைய ஆரம்பித்துவிடும். பிடுங்கிய ஒரு வருடத்துக்குள் அகலத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே போய்விடும் என்பது இப்போது எனக்குத் தெரியும். அன்று தெரியாது. இரண்டரை வருடம் இடது பக்கமாகவே மென்றுகொண்டு காலத்தை ஓட்டினேன்.

புது கிளினிக்கில் டாக்டர் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். முதல் நாளே முப்பரிமாண ஸ்கேன் எடுக்க வைத்தார். படத்தை ஸ்கிரீனில் ரொட்டித் துண்டு போல ஒவ்வொரு ஸ்லைஸாக நகர்த்திக் காட்டினார்.

"இந்த இடத்துல பாருங்க சார், மேல அகலம் நாலு மில்லிதான் இருக்கு. ஸ்க்ரூவே நாலு புள்ளி ரெண்டு."

"ரெண்டு பக்கமும் எவ்வளவு சுவர் விடணுங்க?"

"ஒன்றரை மில்லி கிட்ட வேணும். மொத்தம் ஏழு கிடைச்சா நான் தைரியமா வைப்பேன்."

எங்கள் தொழிலில் இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையே இல்லை. நாலு மில்லி சுவரில் நாலு புள்ளி இரண்டுக்கு டிரில் போட முடியாது. உயரம் நன்றாகவே இருந்தது. கீழ்த்தாடைக்குள் ஓடுகிற நரம்புக்கு மேலே 13 மில்லி. ஸ்க்ரூவின் நுனிக்கும் நரம்புக்கும் நடுவில் இரண்டு மில்லியாவது இடைவெளி விட வேண்டும் என்பதால் 10 மில்லி நீளம் போதும் என்றார். ஆக, குறை அகலத்தில் மட்டும்தான்.

அன்றைக்கே வேலையை ஆரம்பிக்கவில்லை. எனக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. மூன்று மாதச் சராசரி 7.9 என்று வந்தது. "ஏழுக்குக் கீழ கொண்டு வந்துட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். சர்க்கரை ஏறியிருந்தால் புண் ஆறாது, புது எலும்பும் சரியாகக் கட்டாது. காசைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்கிற ஆளைத் திருப்பி அனுப்புகிற இடத்தை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது. ஏப்ரலில் 6.8 வந்தது.

அடுத்து, எலும்பு வளர்வதற்காக அந்த இடத்தில் வைக்கிற தூள் எது என்ற பேச்சு. டாக்டர் மேஜையில் மூன்று சின்ன பாட்டில்களை வைத்தார். முதலாவது மாட்டெலும்பிலிருந்து எடுத்தது. சதை, கொழுப்பு, புரதம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு வெறும் தாதுவை மட்டும் வைத்திருப்பார்கள். எலும்புக்கே உரிய துவாரங்கள் அதில் அப்படியே இருக்கும். உலகத்தில் அதிக நாள் சோதித்துப் பார்த்த பொருட்களில் அதுவும் ஒன்று. ஆனால் உடம்பு அதைச் சீக்கிரம் கரைக்காது, பல வருடம் அங்கேயே கிடக்கும். இரண்டாவது, தானம் கொடுத்த மனிதர்களின் எலும்பிலிருந்து பதப்படுத்தியது. மூன்றாவது ஆய்வகத்தில் செய்தது, ஹைட்ராக்ஸி அபடைட்டும் பயோகிளாஸும் கலந்தது.

"நீங்க சைவமா சார்? அப்படின்னா முதல் பாட்டிலைப் பத்தி யோசிச்சுச் சொல்லுங்க. மாடு பத்தியும் மதம் பத்தியும் நான் கேக்காம விட்டா அது தப்பு" என்றார்.

இந்த ஒரு கேள்விக்காகவே அந்த டாக்டருக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். வாயை மூடித் தைத்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று நோயாளிக்குத் தெரிய வழியே இல்லை. நாங்கள் தலைமுறையாகச் சைவம். வருடக்கணக்கில் எனக்குள் மாட்டெலும்பு இருப்பதை என் மனது ஏற்கவில்லை. மூன்றாவது பாட்டிலைக் கேட்டேன்.

அந்தப் பாட்டிலைப் பற்றிப் பிறகு தேடிப் படித்தபோது ஒரு சந்தோஷம் வந்தது. ஹைட்ராக்ஸி அபடைட் என்பது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது. நம் எலும்பையும் பல் எனாமலையும் கெட்டியாக்குவதே அந்த வகைதான். பயோகிளாஸ் அமெரிக்காவில் பிறந்தது. 1967இல் லாரி ஹெஞ்ச் என்ற கண்ணாடி ஆராய்ச்சியாளர் ஒரு மாநாட்டுக்கு பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் ஒரு ராணுவ கர்னல் உட்கார்ந்திருந்தார். வியட்நாம் போரில் கை கால் இழந்து வருகிறவர்களைப் பார்த்து நொந்துபோயிருந்த அவர், உடம்பு தள்ளிவிடாத ஒரு பொருளை உங்களால் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறார். 1969இல் ஹெஞ்ச் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் அதைச் செய்துவிட்டார். பாதிக்குச் சற்றுக் குறைவாக, 45 சதவீதம் சிலிக்கா. மீதி சோடியம், கால்சியம், பாஸ்பரஸ் ஆக்சைடுகள். உடம்பின் நீர் பட்டதும் இந்தக் கண்ணாடியின் மேல் எலும்புத் தாதுவைப் போலவே ஒரு படலம் உருவாகும். எலும்பு செல்கள் அதைத் தங்களுடையது என்று பிடித்துக்கொள்ளும்.

இந்த இரண்டையும் கலந்து கூட்டுப்பொருளாக்கிய வேலை நடந்தது பக்கத்தில்தான், திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில். இதய அறுவை டாக்டர் வலியத்தான் இயக்குநராக இருந்த காலத்தில் இதய வால்வை நம் ஊரிலேயே செய்து காட்டிய அதே இடம். 1990இல் அந்த வால்வை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். வெளிநாட்டு வால்வு வாங்க முடியாத ஏழைகளுக்காக அவர்கள் பட்ட பாட்டை நான் சின்ன வயதில் பத்திரிகையில் படித்திருக்கிறேன். அந்த வளாகத்தில் உருவான பொருள் இன்று என் தாடைக்குள் இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

தூள் வைத்த நாளைச் சொல்கிறேன். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைக் கீறிப் பிரித்தார்கள். பக்கத்து எலும்பிலிருந்து ஒரு சின்ன ஸ்கிரேப்பரால் என் எலும்பையே கொஞ்சம் சுரண்டி எடுத்தார்கள். வலி இல்லை, ஆனால் சத்தம் மண்டைக்குள் கேட்டது. வார்ப்பு இரும்பில் கை ஸ்கிரேப்பர் ஓட்டுகிற அதே சத்தம். உதவிக்கு இருந்த பெண் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் பாட்டிலைக் கொட்டியதைச் சாய்ந்தபடியே பார்த்தேன். பெரிய ரவை மாதிரி வெள்ளையாக இருந்தது, ஒரு தேக்கரண்டிகூட வராது. அதில் சுரண்டிய எலும்பையும் என் ரத்தத்தையும் விட்டுக் கலந்ததும் ஈரமான நாட்டுச்சர்க்கரை போல ஆனது. ஒரு மினுக்கும் இல்லாத அந்தச் சேறுதான் ஆறு மாதத்தில் எலும்பாகும் என்றால் நம்ப முடியவில்லை.

"அண்ணா, இன்னும் அஞ்சு நிமிஷம், அசையாம இருங்க" என்றாள் அந்தப் பெண்.

தூளை ஓரமாக அடுக்கி, அதன் மேல் ஒரு மெல்லிய தாளைப் போர்த்தினார்கள். அதுதான் மெம்பிரேன். இதன் வேலையை டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஈறு செல்கள் வேகமாக வளரும், எலும்பு செல்கள் மெதுவாக வளரும். தடுப்பு இல்லாவிட்டால் ஈறு முதலில் உள்ளே புகுந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும், எலும்புக்கு இடமிருக்காது. தூள் என்பது கட்டடத்துக்குக் கட்டுகிற சாரம் மாதிரி. மெம்பிரேன் அதைச் சுற்றி அடிக்கிற தகரம். உள்ளே கொத்தனார் வேலையை என் உடம்பு செய்ய வேண்டும்.

மெம்பிரேன் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது, அதுவும் பிராணியிலிருந்து வருவதுதான். இதையும் டாக்டர் மறைக்கவில்லை. என் ரத்தத்தை எடுத்துச் சுழற்றி அதிலேயே ஒரு படலம் செய்யலாம், ஆனால் அது பத்து பதினைந்து நாளில் கரைந்துவிடும், எனக்கு வேண்டிய அளவு அகலத்துக்கு அது தாங்காது என்றார். இரண்டு நாள் யோசித்தேன். கொலாஜன் சில மாதத்தில் முழுக்கக் கரைந்து போய்விடும் என்பதால் சம்மதித்தேன். சென்னை அடையாறில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தோலிலிருந்து கொலாஜன் எடுத்துத் தீக்காயத்துக்குப் போர்த்துகிற வேலையெல்லாம் செய்திருக்கிறது. இது நமக்குப் புதிய சரக்கு இல்லை. இன்னொருவர் வேறு மாதிரி முடிவெடுக்கலாம். கேட்டு முடிவெடுக்க விட்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

முதல் குறை இங்கே. "லேசா வீங்கும்" என்றார்கள். லேசாக இல்லை. மூன்றாம் நாள் கன்னம் கொழுக்கட்டை மாதிரி ஆகி, கண்ணுக்குக் கீழே மஞ்சள் பாய்ந்தது. என் மனைவி பயந்துபோய், "ஏனுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாமுங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இவ்வளவு வீங்கும் என்று முன்பே சொல்லியிருந்தால் அவள் இரண்டு ராத்திரி தூங்காமல் இருந்திருக்க மாட்டாள். பதினோராம் நாள் நாக்கில் மணல் போல இரண்டு பருக்கை தட்டுப்பட்டது. ராத்திரி ஒன்பதரைக்கு போன் செய்தேன், டாக்டரே எடுத்தார். ஓரத்தில் இருக்கிற சில பருக்கை வெளியே வருவது சகஜம், ஈறு திறந்திருக்கிறதா என்று போட்டோ அனுப்புங்கள் என்றார். அடுத்த நாள் காலையில் முதல் ஆளாகக் கூப்பிட்டுப் பார்த்தார். தையல் சரியாகவே இருந்தது. அந்த போனை எடுத்ததற்கு நான் முழு மார்க் போடுவேன்.

அப்புறம் ஆறு மாதம் ஒன்றும் செய்யவில்லை. இங்கேதான் பலபேர் பொறுமை இழக்கிறார்கள். எனக்கும் நடுவில் வேறு இடத்தில் "மூணே நாள்ல பல்லு" என்ற விளம்பரத்தைப் பார்த்து மனது அலைந்தது. அப்படி வைக்கக்கூடிய வாய்கள் இருக்கலாம், நாலு மில்லி எலும்பு இருக்கிற என் வாய் அதில் சேராது. அக்டோபரில் திரும்ப ஸ்கேன் எடுத்தபோது அதே இடத்தில் 7.1 மில்லி. டாக்டர் இரண்டு படத்தையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினார். பழைய எலும்பின் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளையாக, இன்னும் தூளின் பொடிப்புள்ளிகளோடு ஒரு புதுச் சுவர். நான் போனில் அதைப் படமெடுத்துப் பட்டறைப் பையன்களிடம் காட்டினேன்.

ஸ்க்ரூ வைத்த நாள் எனக்கு மிகவும் பிடித்த நாள், ஏனென்றால் அது என் தொழில். டிரில் நிமிடத்துக்கு 800 சுற்று, கூடவே உப்புத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. எலும்பு 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே செல்கள் செத்துப்போகும், அப்புறம் எவ்வளவு நல்ல ஸ்க்ரூ வைத்தாலும் அது பிடிக்காது. கூலண்ட் இல்லாமல் ஓட்டினால் ஜாப் நீலம் பாய்ந்துவிடும் என்று புதுப்பையனுக்கு முதல் நாளே சொல்லித் தருவோம். எலும்பு நிறம் மாறிக் காட்டாது, அதனால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். சின்ன பிட்டில் தொடங்கி ஒவ்வொரு சைஸாக ஏற்றினார்கள். ஒவ்வொரு பிட்டும் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று ஒரு நோட்டில் கோடு போட்டு வைத்திருந்தார்கள். மழுங்கின பிட் சூடாக்கும். அந்த நோட்டைக் கண்டதும் எனக்கு முழு நிம்மதி வந்துவிட்டது.

ஸ்க்ரூவைக் கையில் வாங்கிப் பார்க்கக் கேட்டேன், அது ஸ்டெரைல் என்பதால் தரவில்லை. சரிதான். மாடலுக்கு வைத்திருந்த வேறு ஒன்றைத் தந்தார்கள். த்ரெட் சுத்தமாக இருந்தது. ஒரு தடவை எனக்கு டைட்டானியம் ஜாப் வந்திருக்கிறது. சூட்டைச் சீக்கிரம் கடத்தாது, எல்லாம் டூல் நுனியிலேயே நிற்கும், மெல்லிய சீவல் தீப்பிடித்துக்கொள்ளும். அதில் இவ்வளவு சின்ன த்ரெட் கடைவது பெரிய வேலை. ஆனால் ஸ்க்ரூவின் மேல் பகுதி பளபளக்க, எலும்புக்குள் போகிற பகுதி மட்டும் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தது. ஃபினிஷ் சரியில்லையோ என்று நினைத்துக் கேட்டேன். வேண்டுமென்றே துகள் அடித்து, அமிலத்தில் அரித்து அப்படிச் செய்கிறார்கள். ஒன்றிலிருந்து இரண்டு மைக்ரான் வரை சொரசொரப்பு இருந்தால்தான் எலும்பு நன்றாகப் பிடிக்கிறது. நாங்கள் ஷாஃப்ட்டுக்கு அடிக்கிற 1.6 மைக்ரான் ஃபினிஷும் கிட்டத்தட்ட அந்த வரம்புதான்!

எலும்பு இரும்பைப் பிடிக்காது, டைட்டானியத்தை மட்டும் எப்படிப் பிடிக்கிறது என்பது எனக்கு ரொம்ப நாள் கேள்வி. காற்றுப் பட்ட உடனே டைட்டானியத்தின் மேல் நானோமீட்டர் கணக்கில் ஒரு ஆக்சைடு படலம் வந்துவிடுகிறது. உடம்பு தொடுவது அந்தப் படலத்தைத்தான், உலோகத்தை இல்லை. எலும்பு டைட்டானியத்தைப் பிடிக்கும் என்பதைக் கண்டவர் ஸ்வீடன்காரர் பிரோனெமார்க். 1950களில் முயலின் காலெலும்பில் டைட்டானியக் குழாய் ஒன்றை வைத்து ரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து கழற்றப் போனால் வரவில்லை, எலும்போடு ஒன்றாகிவிட்டது. வேறு ஆளாயிருந்தால் குழாய் வீணாகிவிட்டது என்று தூக்கி எறிந்திருப்பார். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். 1965இல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு, பிறவியிலேயே தாடைக் கோளாறோடு பிறந்தவருக்கு, முதன்முதலாக இந்த ஸ்க்ரூக்களை வைத்தார். லார்சன் 2006இல் இறக்கும்வரை, நாற்பது வருடத்துக்கு மேல், அவை நின்றன. என் ஸ்க்ரூவுக்கு உத்தரவாதம் எவ்வளவு என்று கேட்டதற்கு டாக்டர் சொன்ன பதில் இந்தக் கதைதான்.

ஸ்க்ரூவை அளவாக முறுக்கி இறுக்குகிற டார்க் ரெஞ்ச் 35 நியூட்டன் சென்டிமீட்டரில் க்ளிக் என்றது. அப்புறம் ஸ்க்ரூவில் ஒரு சின்னக் காந்தக் குச்சியை மாட்டி, ஒரு பேனா மாதிரி கருவியைக் கிட்டே காட்டினார்கள். 68 என்று எண் வந்தது. ஸ்க்ரூ எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதை அது அதிரும் வேகத்தை வைத்துச் சொல்கிற கருவி. நாங்கள் ஸ்க்ரூடிரைவரை பேரிங் மேல் ஊன்றிக் காதைக் கொடுத்துக் கேட்கிறோமே, அந்த வித்தைதான். முதல் மூன்று நான்கு வாரத்தில் இந்தப் பிடிப்பு குறையும், பழைய எலும்பு கரைந்து புது எலும்பு வருகிற நேரம் அது, அந்தப் பக்கம் கடிக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். மூன்றரை மாதம் கழித்துப் பார்த்தபோது 76.

ஸ்க்ரூவின் மேல் மாட்டுகிற பல்லுக்குக் கேப் என்று பெயர், அந்த வேலை சுமார்தான். முதலில் வந்தது பக்கத்துப் பல்லைவிட வெளுப்பு, திருப்பி அனுப்பி இரண்டு வாரம் போனது. ரிசப்ஷனில் சொன்ன நேரத்துக்கு ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை, முக்கால் மணி நேரம் சாதாரணம். பட்டறையை மூடிவிட்டு வருகிற ஆளுக்கு அது கூலி நஷ்டம். பில்லில் "எலும்பு ஒட்டு" என்று மட்டும் போட்டிருந்தார்கள். எந்தப் பொருள், எந்த பேட்ச் என்று இல்லை. பாட்டிலோடு வந்த ஸ்டிக்கரைக் கேட்டேன், தேடி எடுத்து ஒட்டிக் கொடுத்தார்கள். இதைக் கேட்காமலே எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். மேஜையில் அவ்வளவு நேர்மையாக மூன்று பாட்டிலை வைத்துப் பேசிய இடம், பில்லிலும் அந்த நேர்மையைக் காட்டியிருக்கலாம்.

செலவு: ஸ்கேன் இரண்டு தடவைக்கு 5,000, தூளும் மெம்பிரேனும் ஆபரேஷனும் சேர்த்து 22,000, ஸ்க்ரூ 28,000, கேப் 9,000. மொத்தம் 64,000 ரூபாய். முதலில் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டில் ஸ்கேன் செலவு இல்லை.

மார்ச் கடைசியில் வறுத்த நிலக்கடலையை வலது பக்கம் போட்டு மென்றேன். மூன்றரை வருடத்துக்குப் பிறகு.

போன மாதம் எங்கள் பட்டறையில் மில்லிங் ஓட்டுகிற பையனுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் உடைந்துவிட்டது. இருபத்தாறு வயதுதான். வேர் பிளந்துவிட்டதால் பிடுங்கியே ஆக வேண்டும் என்றார்கள். நானே அவனை அதே கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். பிடுங்குவதற்கு முன்பே, குழியில் தூள் வைக்க முடியுமா என்று கேட்டேன். டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பல்லை எடுத்த அதே உட்காரலில் அந்தக் குழியை நிரப்பித் தைத்து அனுப்பினார்கள். அதற்கு 6,500 ஆனது. ஸ்டிக்கரை இந்தத் தடவை கேட்காமலே பில்லில் ஒட்டியிருந்தார்கள்.